அயிரையும் ஜீப்ரா லோச்சும்: வேலூர் வெயிலில் வளர்ப்பும் படம் பிடிப்பும்

கொசப்பேட்டை தொட்டி:

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் கொசப்பேட்டையில் மாடி அறை, தலைக்கு மேலே மொட்டை மாடி. இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத் தொட்டி. கல், மணல் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. ஏரி வற்றும்போது வலையில் வந்த அயிரை எட்டு, கடையில் வாங்கிய ஜீப்ரா லோச் (அயிரை மாதிரி அடியில் மேயும் வரி மீன்) ஐந்து உள்ளே இருக்கின்றன. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடுகிறது. அடியில் எம் சாண்ட், கழுவித்தான் போட்டது. போர் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 1150, பிஎச் (காரத்தன்மை) 8.2.

கேட்க வேண்டியது நான்கு விஷயம். மதியம் தண்ணீர் 33 டிகிரி வரை போகிறது. அயிரை விருட்டென்று மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போகிறது, ஜீப்ரா மூலையில் கிடந்து வேகமாக மூச்சு வாங்குகிறது. இரண்டாவது, மூன்று அயிரைக்கு மீசை தேய்ந்து கட்டையாகிவிட்டது. மூன்றாவது, பகலில் ஒன்றுமே வெளியே வருவதில்லை. நான்காவது படம். கிராப் சென்சார் டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 லென்ஸ், தனி ஃபிளாஷ் ஒன்று இருக்கிறது. எடுத்தால் கண்ணாடியில் ஃபிளாஷ் பளீரென்று தெரிகிறது, இல்லையென்றால் மீன் கலங்கலாக வருகிறது. மேக்ரோ லென்ஸ் வாங்கியே ஆக வேண்டுமா?

கூழாங்கல்:

முதல் வேலை, அந்த எம் சாண்டை எடுத்துவிடுங்கள். கருங்கல்லை உடைத்து அரைத்த மணல் அது. எவ்வளவு கழுவினாலும் முனை மழுங்காது. அயிரை மணலை வாயில் அள்ளி, அதில் இருக்கும் தீனியைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியாக வெளியே விடும். நாள் முழுக்க அதற்கு அதுதான் வேலை. கூர் முனை முதலில் மீசையைத் தேய்க்கும், அப்புறம் தேய்ந்த இடத்தில் பாக்டீரியா ஏறும். மணல் சரியாகி, அடியும் சுத்தமாக இருந்தால் மீசை பெரும்பாலும் மறுபடி வளரும். வேர் வரைக்கும் போயிருந்தால் வளராது.

ஆற்று மணல் வேண்டும். பாலாற்றில் இறங்கி அள்ளாதீர்கள். அனுமதியில்லாமல் அள்ளுவது சட்டப்படி குற்றம். அதோடு வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத் தோல் தொழிற்சாலைக் கழிவு எங்கெங்கே படிந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தக் கழிவுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொன்னது. குரோமியம் படிந்த மணலை மீன் வாயில் போட வேண்டாம். தெரிந்த மேஸ்திரியிடம் பழைய ஆற்று மணல் மிச்சம் இருந்தால் கேளுங்கள். உங்கள் தொட்டிக்கு 3 செ.மீ. உயரத்துக்கு ஐந்தரை லிட்டர், எடையில் 9 கிலோ சுற்றி வரும். பூச்சு வேலைக்கு மணல் சலிக்கிற சல்லடையில் சலித்து, 2 மி.மீ.க்கு மேலான கல்லை ஒதுக்குங்கள். பிறகு வாளியில் கலக்கிக் கலக்கி, மேல் தண்ணீர் தெளியும் வரை ஊற்றி வடியுங்கள். ஒரு பிடி மணலில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் கிளிஞ்சல் தூள் இருக்கிறது, உங்கள் கடின நீரை இன்னும் கடினமாக்கும். 3 செ.மீ.க்கு மேல் போட வேண்டாம். அடியில் காற்றுப் போகாமல் கறுத்து நாறும்.

மீனை மாற்றும்போது வலை வேண்டாம். அயிரைக்கும் ஜீப்ரா சேர்ந்த போட்டியா வகைக்கும் கண்ணுக்குக் கீழே மடங்கி நிமிரும் முள் உண்டு. பயந்தால் நிமிர்த்தும், வலைக் கண்ணியில் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் கண்ணோரம் கிழியும். பிளாஸ்டிக் மக்கைச் சாய்த்து வைத்து அதற்குள் ஓட்டுங்கள்.

இனி வெயில். அயிரை மேலே வந்து காற்றைக் குடிப்பது நோய் இல்லை. விழுங்கிய காற்றிலிருந்து குடலின் பின்பகுதி வழியாக ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும் மீன் அது. எப்போதாவது ஒருமுறை வந்தால் இயல்பு. மதியம் முழுக்க ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் போதவில்லை என்று பொருள். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மி.கி. ஆக்சிஜன் கரையும், 33 டிகிரியில் 7.2 மி.கி.தான். சூடு ஏற ஏற மீனின் தேவை கூடும், இருப்பு குறையும். இதன் விலங்கியல் பெயரில் வரும் தெர்மாலிஸ் என்பதே வெந்நீரைக் குறிப்பதுதான். 1846-ல் இந்த மீனுக்குப் பெயர் வைத்தபோது மாதிரி வந்தது இலங்கையின் திருகோணமலைப் பக்கம் கன்னியா வெந்நீர் ஊற்றிலிருந்து. அயிரை தாங்கும். ஜீப்ரா அப்படி இல்லை. மகாராஷ்டிரம், கர்நாடகத்து மேற்குத் தொடர்ச்சி மலை ஓடை மீன் அது. 23 முதல் 26 டிகிரி வரைதான் அதற்கு நிம்மதி. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனம் வேறு. அக்னி நட்சத்திரம் முடியும்வரை குளிர்ச்சி காட்ட முடியாது என்றால், தரைத்தள வீடுள்ள யாரிடமாவது அந்த ஐந்தையும் கொடுத்துவிடுவது நல்லது.

குளிர்ச்சிக்கு ஐஸ் பாட்டில் போடாதீர்கள். ஒரு லிட்டர் பாட்டில் 45 லிட்டர் தொட்டியை இரண்டு டிகிரிக்கு மேல் சட்டென இறக்கும், சாயங்காலத்துக்குள் மறுபடி ஏறிவிடும். அந்த ஏற்ற இறக்கம் சூட்டை விடக் கெடுதல். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலை கட்டி, சின்ன மேசை விசிறி ஒன்றைத் தண்ணீர் மட்டத்தின் மேல் சாய்வாக ஓட விடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 2,400 கிலோ ஜூல் வெப்பம் எடுக்கும். உங்கள் தொட்டி முழுவதையும் ஒரு டிகிரி இறக்க 190 கிலோ ஜூல்தான். அறையிலிருந்து சூடு திரும்ப ஏறிக்கொண்டே இருப்பதால் நடைமுறையில் 2 முதல் 4 டிகிரி இறங்கும். வேலூரில் மே மாதக் காற்று வறண்டு இருப்பதால் இது நன்றாக வேலை செய்யும், கடலோரத்தில் இந்த அளவு எதிர்பார்க்க முடியாது. கொசுவலையை நான்கு பக்கமும் கிளிப் போட்டு இறுக்குங்கள். அயிரை குதிக்கும், காலையில் தரையில் காய்ந்து கிடக்கும்.

விசிறியோடு வருகிற ஒரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். தினம் ஒன்றரை லிட்டர் குறைகிறது, அதை 1150 டிடிஎஸ் போர் தண்ணீரால் நிரப்புகிறீர்கள் என்றால் ஒரு நாளைக்கு 38 வீதம் ஏறும். ஒரு மாதத்தில் இரட்டிப்பு. குறைந்ததை நிரப்ப ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். வாராந்தரம் மாற்றும் தண்ணீருக்கு, 6 லிட்டர் போர், 14 லிட்டர் ஆர்.ஓ. கலந்தால் 390 சுற்றி நிற்கும். அயிரைக்கு 500, 600 இருந்தாலும் பரவாயில்லை. ஒரே நாளில் 1150-லிருந்து 400-க்கு இறக்காதீர்கள், ஒரு தடவைக்குத் தொட்டியில் பத்தில் ஒரு பங்கு போதும்.

பிஎச் 8.2, 33 டிகிரி என்பது சாதாரண விஷயம் இல்லை. அந்த நிலையில் மொத்த அமோனியாவில் எட்டில் ஒரு பங்கு விஷ வடிவத்தில் இருக்கும். பிஎச் 7, 25 டிகிரியில் அது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதனால் கோடையில் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். மீதி விழுந்து அழுகக் கூடாது.

ரங்காபுரம்:

கல் உப்பு ஒரு பிடி போடுங்க. எந்த நோயும் வராது. ஆர்.ஓ. மெஷினில் வெளியே போகிற வேஸ்ட் தண்ணியைத் தொட்டிக்கு விட்டால் தண்ணியும் மிச்சம்.

கூழாங்கல்:

ரங்காபுரம் நண்பருக்கு: ஆர்.ஓ. கழிவு நீரில் உப்பு செறிந்திருக்கும். 1150 போர் தண்ணீரின் கழிவு பாதிக்குப் பாதி பிரிந்தாலே 2000-ஐத் தாண்டும். தரை துடைக்க நல்லது, தொட்டிக்கு வேண்டாம். ஒரு பிடி என்பதும் அளவே இல்லை. உப்பு மருந்து, நோய் வந்தால், எடை போட்டுத்தான்.

காட்பாடி லென்ஸ்:

படத்துக்கு வருகிறேன். மேக்ரோ லென்ஸ் இப்போது வேண்டாம். கணக்கு எளிது. சென்சார் அகலம் 23.5 மி.மீ. 6 செ.மீ. அயிரை படத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்ப வேண்டுமென்றால் சென்சாரில் 16 மி.மீ. விழ வேண்டும், அதாவது 0.26 மடங்கு. உங்கள் 18-55 லென்ஸ் 55-ல், மிகக் கிட்ட வைத்து எடுத்தால் 0.3 மடங்கு சுற்றித் தரும். முழு மீனுக்கு இது போதும். மீசை, கண் முள், செவுள் மூடி தனியாக வேண்டுமென்றால்தான் 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ. அதற்கு முன் எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வளையம்) ஒன்றைப் பார்க்கலாம்.

பெரிய தொட்டியில் எடுக்க முயலாதீர்கள். படத்துக்கென்று தனியாக 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்தில் ஒரு சின்னத் தொட்டி ஒட்டச் சொல்லுங்கள். 4 மி.மீ. கண்ணாடி போதும். முன் கண்ணாடியில் மட்டும் கீறல் இல்லாமல் பார்த்து வாங்குங்கள். அதே ஆற்று மணல், முன்னால் ஒரு செ.மீ.க்கு மேல் போகாமல் பின்னால் ஏறும்படி. முன்னால் மணல் உயர்ந்தால் மீனின் வயிறு மறைந்துவிடும். முன் கண்ணாடியிலிருந்து 8 செ.மீ. பின்னால் இன்னொரு கண்ணாடித் துண்டை நிறுத்துங்கள். மீன் அந்த இடுக்கில்தான் நகரும், ஃபோகஸ் தப்பாது. பின்னணிக்கு மந்தமான பழுப்பு அல்லது கரும்பச்சை அட்டை, தொட்டிக்கு வெளியே ஒரு சாண் தள்ளி. வெள்ளை மணல் வேண்டாம். அயிரை தரைக்கு ஏற்ப வெளுத்துவிடும், பக்கவாட்டில் வரிசையாகப் போகும் பழுப்புத் திட்டுகள் மங்கிப் போகும்.

ஃபிளாஷ் கேமரா மேலே இருந்தால் கண்ணாடியில் எளிதில் எதிரொளிக்கும். தொட்டியின் மேல் வைத்து நேராகக் கீழே பார்க்க விடுங்கள். ஒயர் அல்லது வயர்லெஸ் டிரிக்கர் வேண்டும். தொட்டி மேல் ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் டிரேசிங் பேப்பர் இரண்டு மடிப்பு, அதன் மேல் ஃபிளாஷ். ஈரம் ஏறாமல் ஃபிளாஷை ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள். கேமரா மேனுவல்: லென்ஸ் துளை எஃப் 11, ஷட்டர் 1/160 நொடி, ஐஎஸ்ஓ 200. ஃபிளாஷும் மேனுவல், 1/8 சக்தியில் தொடங்குங்கள். படம் இருண்டால் 1/4. முதலில் ஃபிளாஷை அணைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முழுக் கறுப்பாக வர வேண்டும். அதில் ஏதாவது தெரிந்தால், ஜன்னல் வெளிச்சமோ டியூப் லைட்டோ படத்துக்குள் வருகிறது. கறுப்பாக வந்தால் மீனை உறைய வைப்பது ஃபிளாஷ்தான், ஷட்டர் வேகம் இல்லை. 1/200-க்கு மேல் போனால் பல கேமராவில் படத்தில் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும்.

எஃப் 11 ஏன் என்றால், இந்த உருப்பெருக்கத்தில் அதில் 8 மி.மீ. ஆழம் தெளிவாகக் கிடைக்கும். எஃப் 5.6-ல் 4 மி.மீ. மட்டும்தான்; கண் தெளிந்தால் துடுப்பு கலங்கும். எஃப் 22-க்கும் போகாதீர்கள், மொத்தப் படமும் மெத்தென்று ஆகிவிடும்.

கலங்கலுக்கு முக்கியக் காரணம் கோணம். லென்ஸ் கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்தால் நீர், கண்ணாடி, காற்று என்று ஒளி மடங்கி ஓரத்தில் நிறம் பிரியும், எந்த லென்ஸும் அதைக் காப்பாற்றாது. இன்னொன்று, தண்ணீருக்குள் 8 செ.மீ.யில் இருக்கும் மீன் லென்ஸுக்கு 6 செ.மீ.யில் இருப்பதாகத்தான் தெரியும். லென்ஸைக் கண்ணாடியில் ஒட்ட வைத்தால் மீன் லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்துக்குள் வந்துவிடும், லென்ஸ் பிடிக்காமல் திணறும். சில செ.மீ. இடைவெளி விட்டு, அந்த இடைவெளியை ரப்பர் ஹுட் அல்லது கறுப்புத் துணியால் மூடுங்கள். ஆட்டோ ஃபோகஸ் வேண்டாம். மேனுவலில் ஒரு தூரத்தை நிறுத்தி, கேமராவை முன்னும் பின்னும் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி, கண் தெளியும்போது அழுத்துங்கள். கேமரா உயரம் மீனின் கண் உயரம், அதாவது மணலுக்கு ஒரு விரல் மேலே. மேலிருந்து கீழே பார்த்து எடுத்த அயிரை படம் எல்லாமே குச்சி மாதிரிதான் இருக்கும்.

தண்ணீரை முதல் நாளே நிரப்பி வையுங்கள். அன்றே நிரப்பினால் கண்ணாடியெங்கும் குட்டிக் குமிழ் ஒட்டும், மேலிருந்து ஃபிளாஷ் பட்டதும் ஒவ்வொன்றும் வெள்ளைப் புள்ளியாகும். எடுப்பதற்குப் பத்து நிமிடம் முன் காற்றுப் பம்பை நிறுத்தினால் தூசி அடங்கும். நம்மூர் போர் தண்ணீர் கண்ணாடியில் விடும் சுண்ணாம்புக் கோட்டை, தொட்டி காலியாக இருக்கும்போது எலுமிச்சைச் சாறு அல்லது வினிகரால் துடைத்து, நன்றாகக் கழுவிவிடுங்கள்.

போனில் எடுப்பவர்களுக்கு ஒரே வரி: எல்இடி பட்டை வெளிச்சத்தில் ஷட்டர் 1/100 அல்லது 1/50 வையுங்கள், இல்லையென்றால் படத்தில் குறுக்கே கோடு ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும்.

ஏரிக்கரை:

காட்பாடி லென்ஸ் சொன்னதில் ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். காற்றை நிறுத்துவது 25 டிகிரியில் சரி. 32-ல், சின்னத் தொட்டியில், இருபது நிமிடத்துக்கு மேல் நிறுத்தாதீர்கள். கோடையில் படம் எடுக்கும் வேலையை விடிகாலை ஐந்தரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் தண்ணீர் குளிர்ந்திருக்கும், அறையும் இருட்டாக இருக்கும்.

பகலில் ஏன் வெளியே வரவில்லை என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அது சரியானால்தான் படமும் சரியாகும். பயந்த அயிரை துடுப்பை மடித்துக்கொண்டு வெளிறிக் கிடக்கும், எந்த ஃபிளாஷும் அதை அழகாக்காது. வெளிச்சத்தைக் குறையுங்கள், மேலே மிதக்கும் செடி விடுங்கள். காய்ந்த பாதாம் இலை இரண்டு, உடைந்த மண்சட்டி, கொட்டாங்குச்சி என்று ஒளிய இடம் நிறைய வையுங்கள். ஒளிய இடம் கூடினால் மீன் அதிகம் வெளியே வரும், குறைந்தால் ஒரே மூலையில் அடையும். அயிரை எட்டு என்பது சரியான கூட்டம், குறைக்காதீர்கள். ஜீப்ராவைப் பிரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: தீனியில் அது முந்திக்கொள்ளும், அயிரை ஒதுங்கிவிடும்.

தீனியை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கொடுங்கள். சின்ன கண்ணாடித் தட்டு ஒன்றை முன் கண்ணாடியிலிருந்து 5 செ.மீ. உள்ளே மணலில் பதித்து, விளக்கணைத்த பின் அடியில் மூழ்கும் சின்ன உருண்டைத் தீனி, வாரம் இரண்டு முறை உறைந்த ரத்தப்புழு. இரண்டு வாரத்தில் தட்டின் இடம் பழகிவிடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தை விடியலுக்கு நகர்த்துங்கள். கடையில் விற்கும் உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடையில் வளர்வது, வேண்டாம். வாளியில் கொசுப்புழு வளர்க்கவும் வேண்டாம், ஒரு நாள் மறந்தால் தெருவுக்கே டெங்கு.

ஏரி மீன் என்பதால் குடற்புழுவையும் நினைவில் வையுங்கள். தின்கிறது, ஆனால் வயிறு ஒட்டி முதுகு கத்தி மாதிரி தெரிகிறது என்றால் அதுதான். கால்நடை மருந்துக் கடையில் லெவமிசோல் ஹைட்ரோகுளோரைடு பொடி கிடைக்கும். லிட்டருக்கு 2 மி.கி., 45 லிட்டருக்கு 90 மி.கி. வெளிச்சம் பட்டால் சிதையும், அதனால் 24 மணி நேரம் தொட்டியை மூடி வையுங்கள். பிறகு பாதித் தண்ணீர் மாற்றி, அடியை உறிஞ்சி எடுங்கள். உயிரோடு விழுந்த புழுவை மீன் திரும்பத் தின்னக் கூடாது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை.

வெள்ளைப்புள்ளி நோய் மே மாதத்தில் பெரும்பாலும் வராது. மார்கழியில் இரவுத் தண்ணீர் 22, 23-க்கு இறங்கும்போது வரும். 30 டிகிரிக்கு மெல்ல ஏற்றி, உப்பு லிட்டருக்கு 1 கிராமில் தொடங்கி அடுத்த நாள் 2 கிராம், பத்து பன்னிரண்டு நாள் விடாமல். 2 கிராம் உப்பு டிடிஎஸ் மீட்டரில் 2000 கூட்டிக் காட்டும், அது உப்பின் கணக்குதான். மாலகைட் கிரீன் கலந்த மருந்தென்றால் பாட்டிலில் போட்ட அளவில் பாதி. தாமிரம் கலந்த மருந்து லோச்சுக்கு வேண்டவே வேண்டாம். அயிரைக்குச் செதில் உண்டு, ஆனால் தோலில் புதைந்த மிகச் சின்னச் செதில். மருந்து சீக்கிரம் உள்ளே போகும்.

இன்னும் அயிரை வேண்டுமென்று அமிர்தி, ஜவ்வாது மலை ஓடைப் பக்கம் போகாதீர்கள். அங்கே பெரும்பாலும் காப்புக்காடு, மீன் பிடிக்கக் கூடாது. பங்குனி, சித்திரையில் ஏரி வற்றும்போது மீன் பிடிப்பவர்களிடம் கேட்டால் போதும், எப்படியும் சேற்றில் சாகப் போகிற மீன் கிடைக்கும்.

கொசப்பேட்டை தொட்டி:

ரொம்ப நன்றிங்க. ஜீப்ரா ஐந்தும் ஞாயிற்றுக்கிழமை பாகாயத்தில் தரைத்தள வீட்டுத் தொட்டிக்குப் போகிறது. ஆற்று மணல் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு சந்தேகம். மணல் மாற்றும்போது பழைய ஸ்பாஞ்சை என்ன செய்வது? எட்டில் ஆண் எது, பெண் எது என்று படத்தில் காட்ட முடியுமா?

கூழாங்கல்:

ஸ்பாஞ்சைத் தொடாதீர்கள் தம்பி. நல்ல பாக்டீரியா முழுக்க அதில்தான் இருக்கிறது. மணல் மாற்றுகிற நேரம் முழுக்க பழைய தொட்டித் தண்ணீர் ஊற்றிய வாளியில், மீனோடு சேர்த்து ஓட விடுங்கள். பிழிவதாக இருந்தாலும் அந்தத் தண்ணீரிலேயே. குளோரின் போட்ட கார்ப்பரேஷன் தண்ணீரில் கழுவினால் எல்லாம் செத்துவிடும், இந்தச் சூட்டில் அமோனியா இரண்டே நாளில் ஏறும். அந்தத் தண்ணீரை எப்போதாவது தொட்டிக்கு விட நேர்ந்தால் 100 லிட்டருக்கு ஒரு கிராம் ஹைப்போ (குளோரினை முறிக்கும் உப்பு) கரைத்த பிறகுதான். மாற்றிய பின் பத்து நாள் அமோனியா கிட்டில் தினம் பாருங்கள்.

காட்பாடி லென்ஸ்:

ஆண் பெண் படத்தில் தெளிவாகவே காட்டலாம். வளர்ந்த ஆண் அயிரைக்கு மார்புத் துடுப்பின் உள் ஓரத்தில், உடம்பை ஒட்டிய ஏழாவது எட்டாவது கதிர்கள் சேர்ந்து தடித்து எலும்புத் தகடு போல ஆகியிருக்கும். பெண்ணுக்கு அது கிடையாது, துடுப்பும் குட்டையாக உருண்டிருக்கும். முட்டை நிறைந்த பெண் மேலிருந்து பார்த்தால் நடுவில் அகலம். இந்த ஒரு படத்தை மட்டும் மேலிருந்து எடுக்க வேண்டும். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் தொட்டித் தண்ணீர் 2 செ.மீ. உயரத்துக்கு ஊற்றி, ஒரு மீனை மக்கால் மாற்றி விடுங்கள். ஃபிளாஷைப் பக்கவாட்டில் 45 டிகிரிக்குச் சாய்த்து, 1/16 சக்தி. அலை அடங்கி மீன் துடுப்பை விரித்து நின்றதும் நான்கைந்து படம், உடனே திரும்பத் தொட்டிக்கு. மூன்று நிமிடத்துக்கு மேல் கிண்ணத்தில் வைக்காதீர்கள்.